கட்சிக்கு யார் காசு கொடுப்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அம்மா விடியற்காலை ஜீப் ஏறி போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்ட வேலைக்குப் போனவர். மகள் ஒரு கட்சியில் இருபது வருஷமாக உழைக்கிறாள். சட்டமன்றத்துக்கு சீட் கேட்டபோது நேர்காணலில் வந்த முதல் கேள்வி: "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" பேசாமல் திரும்பி வந்துவிட்டாளாம்.

"சார், மலைக் கிராமத்துக்கு ஓட்டு மிஷினைக் கொண்டுபோக அரசாங்கம் செலவு பண்ணுது. எங்களை மாதிரி ஆளுங்க நிக்கிறதுக்குப் பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள்.

"வரிப்பணம் கட்சிக்கு எதற்கு?" என்று வகுப்பில் சொன்னவன் நான். அன்று பதில் வரவில்லை. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன்.

1957-இல் டாடா இரும்பு எஃகு கம்பெனி, கட்சிகளுக்கு நன்கொடை தரும்படி தன் விதியைத் திருத்த அனுமதி கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா சட்டப்படி அனுமதித்தார். ஆனால் இந்தப் பணம் ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கலாம் என்றும் எச்சரித்தார். 1969-இல் கம்பெனி நன்கொடைக்கே தடை வந்தது. பணம் நிற்கவில்லை, மேசைக்கு அடியில் போனது. 1985-இல் தடையை நீக்கி லாபத்தில் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2013-இல் அது 7.5 ஆனது. 2017-இல் வரம்பே போயிற்று. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. யார் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமைக்குள் வாக்காளர் தகவல் அறியும் உரிமையும் அடக்கம் என்பது தீர்ப்பின் சாரம். நம் ஊர் ஏலக்காய் ஏலத்தில் விலை எல்லார் கண் முன்னாலும்தான் ஏறுகிறது. ஒரு மூட்டை காய்க்கு உள்ள அந்த வெளிச்சம் ஆட்சிக்கு வேண்டாமா?

சரி, மறைவான கதவை மூடியாயிற்று. நேர்வழிக் கதவு எங்கே? 1998-இல் இந்திரஜித் குப்தா தலைமையில் ஒரு குழு அமைந்தது. மன்மோகன் சிங்கும் அதில் உறுப்பினர். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசே உதவலாம், ஆனால் பணமாக வேண்டாம், எரிபொருள், காகிதம், ஒலிபெருக்கி என்று பொருளாகத் தரலாம் என்றது. அந்த அறிக்கை அப்படியே கிடக்கிறது. மறைமுக உதவி இன்றும் உண்டு. கட்சி வருமானத்துக்கு வரி விலக்கு, வானொலி, தொலைக்காட்சியில் இலவச நேரம், இலவச வாக்காளர் பட்டியல் எல்லாம் நம் காசுதான்.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. 2002-இல் நீதிபதி வெங்கடாசலையா ஆணையம், முதலில் கணக்கை ஒழுங்குபடுத்துங்கள், பிறகு அரசுப் பணத்தைப் பேசலாம் என்றது. இல்லாவிட்டால் கறுப்புப் பணத்தின் மேல் நம் வரிப்பணமும் சேரும், அவ்வளவுதான். இன்றும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கட்சிக்கோ வரம்பே கிடையாது!

ஜெர்மனியில் 1966-இலேயே இது அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தல் செலவுக்கு மட்டும் தரலாம் என்றது. 1992-இல் கொஞ்சம் தளர்த்தி, கட்சி தானாகத் திரட்டிய தொகையை அரசுப் பணம் மிஞ்சக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. கட்சி மக்களிடம் போய்த்தான் ஆக வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான்: கொடுக்கலாம் அம்மா. ஆனால் கணக்கைத் திறந்து வைக்கும் கட்சிக்கு மட்டும், சிறு சந்தா திரட்டும் அளவுக்கு மட்டும். வகுப்பில் நான் சொன்னது பாதிதான். வரிப்பணம் வேண்டாம் என்றால் வேறு யாருடைய பணம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய்.

உங்கள் கருத்து என்ன? எதிர்த்தும் எழுதலாம், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.