புதுவெள்ளமும் மீனின் ஏற்றமும்: குடகனாற்றை முன்வைத்து

முட்டையிட ஆறேறும் மீன்களில் சால்மனே உலகப் புகழ் பெற்றது. நன்னீர்ச் சரளையில் பிறந்து கடலில் வளரும் அது, பிறந்த ஓடையை மணத்தால் அறிந்து திரும்புகிறது. பெண்மீன் வாலால் சரளையில் குழி பறித்து முட்டையிடுகிறது. பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை அத்துடன் மடிகின்றன. அருவியைத் தாவிக் கடக்கும் அதன் ஆற்றல் கண்ணைக் கவர்வதால், அணையின் கேட்டைச் சுவரின் உயரமாகவே கணக்கிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நம் பருவகால ஆறுகளுக்கு இக்கணக்கு போதாது. முட்டையிடத் தூண்டும் புதுவெள்ளத்தை இழப்பதே இங்கு பெரிய கேடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்சான்று காவிரியின் உல்லம், அதாவது இல்சா. கடலிலிருந்து வெள்ளக்காலத்தில் கொள்ளிடம் வழியே ஏறி முட்டையிடும் மீன் இது. கொள்ளிடத்தின் கீழணையில், மீன்கள் ஏறிச்செல்ல அமைத்த மீனேணி பயன் தரவில்லை. சால்மனைப் போல் இல்சா தாவுவதில்லை. எனினும் மீனேணியின் குறையே முழுக்காரணம் எனலாகாது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் அளவும் காலமும் மாறின. காவிரி இல்சாப் பிடிப்பும் தேய்ந்தது. கீழணை அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே எழுந்துவிட்டது என்பதை நோக்கினால், சுவரோடு நீரின் காலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

இரண்டாம் சான்று குளத்திலிருந்து கிடைக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை குளத்தில் நன்கு கொழுத்தாலும் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957இல் ஒடிசாவில் ஈராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவ்வகை மீன்களை முட்டையிடச் செய்தார். வெள்ளம் செய்த வேலையை ஊசி செய்தது; வெள்ளம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாதத்தை இனிக் குடகனாற்றில் பொருத்திப் பார்க்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தின் சின்னாளப்பட்டிச் சமவெளியை ஒட்டி ஓடும் அது, கீழ்ப்பழனி மலைச் சரிவில் பிறந்து அமராவதி வழியே காவிரியைச் சேர்வது. மேலே ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும், கீழே வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணையும் அதை மறிக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றில் மீனேற்றத்தைப் பேசுவானேன் என்று கேட்கலாம். வறட்சியே இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது: கெண்டை போன்ற சிறுமீன்கள் வாய்க்காலிலும் கலிங்கிலும் எதிர்நீச்சலிட்டு ஏறுவது மழைக்காலத்தின் சில நாட்களில்தான், அந்நாட்கள் போனால் அவ்வாண்டின் இனப்பெருக்கமே பழுதாகும். நீர்த்தேக்கத்தில் குஞ்சு விடுவதால் இழப்பு ஈடாகிறது என்பது மற்றொரு மறுப்பு. பிடிப்பின் எடைக்கு அது ஈடாகலாம்; கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை, உள்ளூர்க் கெண்டையின் இடத்தை அவை நிரப்பா. குடிநீருக்கும் பாசனத்துக்கும் முதலிடம் வேண்டும் என்ற மறுப்பு மட்டுமே எடையுள்ளது. ஆனால் இங்கே கோருவது கூடுதல் நீரை அன்று. எப்படியும் கீழே விட வேண்டிய நீரின் ஒரு பங்கை, மீனேறும் நாட்களில் விடுவதையே.

எனவே அணையின் நீர்விடுப்பு அட்டவணையில் மீனின் முட்டையிடும் காலமும் இடம்பெற வேண்டும். அதற்கு முதற்படியாக, மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் இணைந்து, வடகிழக்குப் பருவமழையின்போது குடகனாற்றில் எந்த மீன் எந்நாளில் எங்கே ஏறுகிறது என்று பதிவுசெய்யத் தொடங்கட்டும்.