நிற்பது டாக்டர், ஓட்டு செனட்டுக்கு

இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கான 1956ஆம் வருடச் சட்டத்தில் மூன்றாவது பிரிவு சுவாரசியமானது. மருத்துவப் புலம் இருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் டெல்லியில் ஓர் இடம். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த வாசல் திறந்தது.

யார் நிற்கலாம்? மருத்துவப் புலத்தைச் சேர்ந்தவர் மட்டும். யார் ஓட்டுப் போடலாம்? செனட். அதில் மற்ற துறைக்காரர்களும் உண்டு. அவர்கள் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. செனட்டில் இல்லாத மருத்துவப் பேராசிரியரோ நிற்கலாம், ஆனால் தனக்கே ஓட்டுப் போட முடியாது!

கடலூரில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டருக்குக் கணக்கு வேறு. மாநிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். மாநிலத்துக்கான இடத்துக்கு அவரே நிற்கலாம், அவரே ஓட்டும் போடலாம்.

தேர்தலில் தகராறு வந்தால் மத்திய அரசு சொல்வதே இறுதி என்றது நான்காவது பிரிவு.

2020 செப்டம்பர் 25இல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையத்துக்கு நேரடித் தேர்தல் கிடையாது. ஆனால் அதன் ஆலோசனைக் குழுவுக்கு மாநிலக் கவுன்சில், தேர்தலில் ஜெயித்து வந்த தன் உறுப்பினர்களில் ஒருவரை அனுப்புகிறது. ஆக, கடலூர் டாக்டரின் ஓட்டுக்கு இன்னும் ஒரு சின்ன சந்து இருக்கிறது. சிதம்பரம் செனட்டின் ஓட்டுதான் போயே போச்சு.