ஒரு டிஷ், இரண்டு ரிசீவர்: ஒரு கேபிளுக்குள் இருக்கும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

"கூரையில்தான் டிஷ் இருக்கிறதே, உள் அறைக்கும் ஒரு ரிசீவர் வைத்தால் என்ன?" கிரிக்கெட் தொடர் தொடங்கினால் நம் வீடுகளில் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். ஹோலில் மூத்தம்மாவுக்கு நாடகம் ஓட வேண்டும், பிள்ளைகளுக்கு மெட்ச் வேண்டும். கடையில் ஒரு ஸ்பிளிட்டர் தருவார்கள். பக்கத்து வீட்டில் அது நன்றாக வேலை செய்யும். நம் வீட்டில் போட்டால் பாதிச் செனல்கள் காணாமற்போகும். "சிக்னல் போதாது" என்று சொல்லி இன்னொரு டிஷ்ஷும் விற்றுவிடுவார்கள். அநேகமான வீடுகளில் சிக்னல் போதாமலில்லை. உண்மைக் காரணம் விளங்க வேண்டுமென்றால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். இப்படி மூன்றை நிறுத்தி உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் அவர் இலங்கைக்குக் குடிவந்தார். 1975 ஓகஸ்டில் இந்தியா, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செய்மதியைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. கோழிக்கூட்டு வலையால் செய்த 3 மீற்றர் டிஷ்கள் அவை. ஒரு கிராமத்துக்கு ஒரு டிஷ், ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதே காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ் அமைத்துக் கொடுத்தார்கள். நம் நாட்டில் ஐ.டி.என் தொடங்கியது 1979இல், ரூபவாஹினி 1982இல். அதாவது நாட்டில் ஒரு டிவி நிலையம் வருமுன்பே ஒரு டிஷ் வந்துவிட்டது! மாணவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்த வருடம், 1976இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் வீட்டிலேயே ஒரு டிஷ் கட்டிக் கேபிள் கம்பனிகளுக்கென அனுப்பப்பட்ட செனல்களைப் பிடித்தார். மனிதர் நேர்மையானவர். பார்த்ததற்காக எச்.பி.ஓ நிறுவனத்துக்கு 100 டொலர் காசோலை அனுப்பினார். நாங்கள் தனி வீடுகளோடு வியாபாரம் செய்வதில்லை என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனித்தான் நம் விடயம். செய்மதியிலிருந்து வரும் அலைகள் கிடையாகவும் வரும், நிலைக்குத்தாகவும் வரும். இதை முனைவாக்கம் என்போம். ஒரே மீடிறனில் இரண்டு செனல்களை ஒன்றோடொன்று குழம்பாமல் அனுப்ப இது ஒரு வழி. அந்தக் காலத்துப் பெரிய டிஷ்களில், நடுவில் நிற்கும் குழாய்க்குள் ஒரு சிறிய மோட்டர் இருந்தது. செனல் மாற்றினால் அது திரும்பும். மோட்டர் ஒன்றுதான். எனவே வீட்டில் ஒருவர் கிடையில் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவருக்கும் கிடைதான்.

1988 டிசம்பரில் ஐரோப்பாவுக்கான அஸ்ட்ரா 1ஏ ஏவப்பட்டது. 1989 பெப்ரவரியில் பிரித்தானியாவில் ஸ்கை தொடங்கியது. சுவரில் மாட்டும் சின்ன டிஷ்களின் காலம் அது. மோட்டர் போனது, அதன் இடத்துக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான சிக்கனம் வந்தது. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பிக்கு மின்சாரம் போவது படம் இறங்கும் அதே கேபிளில்தான். அந்த மின்சாரத்தையே கட்டளையாக்கினார்கள். ரிசீவர் 13 வோல்ற் அனுப்பினால் நிலைக்குத்து, 18 வோல்ற் அனுப்பினால் கிடை. பிறகு செனல்கள் பெருகியபோது 22 கிலோஹேர்ட்ஸ் தொனி ஒன்றும் சேர்ந்தது. தொனி இல்லாவிட்டால் கீழ்ப்பட்டி, இருந்தால் மேற்பட்டி. மொத்தம் நான்கு தொகுதிகள். சாதாரண எல்.என்.பியின் ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் இறங்குவது அதில் ஒன்றே ஒன்று.

ஆகவே ரிசீவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி அல்ல, மேலே உத்தரவு போடும் பெட்டி. சாதாரண ஸ்பிளிட்டரில் இரண்டு ரிசீவரைக் கொழுவினால் இரண்டும் உத்தரவு போடும். 13உம் 18உம் மோதினால் கூடிய வோல்ற்தான் வெல்லும். மூத்தம்மாவின் நாடகம் நிலைக்குத்தில் இருந்து, பிள்ளைகளின் மெட்ச் கிடையில் இருந்தால் நாடகம் போய்விடும். மூத்தம்மா பிள்ளைகளைத்தான் ஏசுவார். பாவம், குற்றம் 5 வோல்ற்றில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் வேலை செய்ததன் இரகசியமும் இதுதான். அங்கே பார்க்கும் செனல்கள் எல்லாம் ஒரே தொகுதியில் இருந்திருக்கும், உத்தரவுகள் மோதவில்லை.

இதற்கான மருந்தும் பழையதுதான். இரண்டு வாய் உள்ள எல்.என்.பியில் ஒவ்வொரு வாயும் தனித்தனியாக உத்தரவு கேட்கும். நான்கு வாய் உள்ளவையும் உண்டு. பெரிய கட்டடங்களுக்கு நான்கு தொகுதிகளையும் ஒன்றாக இறக்கிப் பகிர்ந்து கொடுக்கும் மல்டிசுவிட்ச் இருக்கிறது. 2001இல் ஸ்கை பிளஸ் வந்தபோது ஒரு பெட்டியே ஒன்றைப் பார்க்கவும் இன்னொன்றைப் பதியவும் இரண்டு கேபிள் கேட்டது. ஒரே கேபிளில் பல ரிசீவர்களை ஓட்டும் முறைக்கு 2007இல் ஐரோப்பியத் தரம் வந்தது.

நம் நாட்டுக் கதையில் ஒரு வேடிக்கை. நாம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருப்பதால் நமக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும் செய்மதிகளும் உண்டு. 1991இல் ஸ்டார் டிவியும் 1993இல் சன் டிவியும் தொடங்கிய காலத்துப் பெரிய டிஷ்கள் அநேகமாக மல்லாந்து வானத்தைப் பார்த்தே கிடந்தன. இலையும் மழைத்தண்ணீரும் அதற்குள்ளேதான். ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் அது இருந்தது, அயலெல்லாம் அந்த வீட்டு ஹோலில்தான். அந்த நாளில் இரண்டாவது ரிசீவர் என்ற கேள்வியே எழவில்லை.

இப்போது கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். முதலில் எல்.என்.பியில் எத்தனை வாய் என்று பாருங்கள். ஒன்றென்றால் டிஷ்ஷை விட்டுவிட்டு எல்.என்.பியை மாத்திரம் மாற்றுங்கள், ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கேபிள் இழுங்கள். மாதக்கட்டண இணைப்பென்றால் எந்த எல்.என்.பி பொருந்தும் என்று கம்பனியிடம் கேளுங்கள். இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். கேபிளைக் கழற்றுமுன் ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அந்த வோல்ற் கேபிளில் ஓடிக்கொண்டேயிருக்கும். நடுக்கம்பி வெளிச்சுற்றில் பட்டால் ரிசீவர் பழுதாகலாம்.

சந்தேகமென்றால் எல்.என்.பியைப் படம் பிடித்துக் கொமன்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.