கப்பல் தலைவரின் குருவிகள்

கலபகோஸ் தீவுகளில் குருவிகளின் சொண்டைக் கண்ட கணத்திலேயே டார்வினுக்குக் கூர்ப்புக் கொள்கை உதித்தது என்று பலரும் படித்திருப்போம். (தமிழகத்தார் பரிணாமம் என்பதையே நாம் கூர்ப்பு என்கிறோம்.) நடந்தது அதுவன்று. 1835இல் ஐந்து வாரங்கள் அங்கிருந்த டார்வின், தாம் சேகரித்த குருவிகளில் எது எந்தத் தீவுக்குரியது என்று பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. 1837 ஜனவரியில் இலண்டனில் பறவையியலாளர் ஜோன் கூல்ட் அவற்றை ஆராய்ந்தார். பல்வேறு வகையினவாக டார்வின் கருதியிருந்த அப்பறவைகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த 12 இனங்கள் என்று அறிவித்தார். அதன் பின்னரே தீவுவாரியான விபரம் தேவைப்பட்டது. அப்போது கைகொடுத்தவை, பீகிள் கப்பலின் தலைவர் றொபேட் பிற்ஸ்றோய் முதலானோர் குறிப்புடன் சேகரித்து வைத்திருந்த பறவைகள்.

அதே பிற்ஸ்றோய் 1839இல் வெளியிட்ட பயண நூலில், எரிமலைப் பாறை நிலத்துக்கேற்ப அக்குருவிகளின் சொண்டு அமைந்திருப்பது படைத்தவனின் ஞானம் என்று எழுதினார். 1860 ஜூன் 30இல் ஒக்ஸ்போர்ட் விவாதத்தில் அவர் வேதாகமத்தை உயர்த்திப் பிடித்து டார்வினின் கொள்கையை எதிர்த்ததாக அங்கிருந்தோர் பதிவு செய்துள்ளனர். தமது பறவைகள் எதிரணிக்குச் சாட்சியாகும் என்று அம்மனிதர் எண்ணியிருப்பாரா?

1973 முதல் பீற்றர் கிறான்ட், றோஸ்மேரி கிறான்ட் தம்பதியர் டாப்னே மேஜர் என்ற சிறுதீவில் ஒவ்வொரு குருவியையும் அளந்து வந்தனர். 1977இன் வரட்சியில் சிறுவிதைகள் தீர்ந்தன. கடினமான பெருவிதைகளை உடைக்க வல்ல பெருஞ்சொண்டுக் குருவிகளே கூடுதலாகப் பிழைத்தன. சராசரிச் சொண்டுத் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூடிற்று. 1983இன் பெருமழைக்குப் பின்னர் நிலைமை தலைகீழாகிச் சிறுசொண்டு மேலோங்கியது.

இவ்வாறு ஊசலாடுவதனால் புதிய இனம் தோன்றிவிடுமா என்று படைப்புக் கொள்கையினர் கேட்டனர். ஆதியாகமம் கூறும் ‘ஜாதி’யின் எல்லைக்குள் வேறுபாடு நிகழ்வதை அவர்கள் மறுப்பதில்லை. அக்கேள்வியை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடல் நியாயமன்று.

விடையின் ஒரு பகுதி அதே தீவிலிருந்து வந்தது. 1981இல் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த ஓர் ஆண் குருவி உள்ளூர்ப் பெட்டையுடன் இணைந்தது. சில தலைமுறைகளில் அதன் வழித்தோன்றல்கள் தனிப்பாட்டும் தனிச்சொண்டும் கொண்டு, தம்முள் மட்டுமே இணையலாயின. மரபணுச் சான்றுடன் இது 2017இல் வெளியாயிற்று.

அதுவும் குருவிதானே என்பது மறுதரப்பின் பதில். குருவிதான். ஆனால் 1839இல் பிற்ஸ்றோய் வாதிட்டது, ஒவ்வோர் உயிரும் அதனதன் இடத்துக்கென்றே அமைக்கப்பட்டது என்று. இன்று அவர் அணியில் நிற்போரிற் பலர் அந்த வாதத்தைக் கைவிட்டு, ‘ஜாதி’யின் எல்லையைக் காத்து நிற்கின்றனர்.