கட்டிக்குள் நின்ற காவலர்கள்

1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில், கென்டக்கி மாகாணத்து டான்வில் என்னும் சிற்றூரில் ஜேன் கிராஃபோர்டு என்ற மாது குதிரைமேல் வந்து இறங்கினாள். 60 மைல் பிரயாணம். வயிறு பெருத்திருந்தது. பிரசவம் தாமதமாகிறது என்றே ஊர் வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். எஃப்ரேம் மக்டவல் என்ற டாக்டர் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, அது சினைப்பையில் வளர்ந்த கட்டி என்று சொன்னார். வயிற்றைத் திறந்தால் ஆள் பிழைப்பதில்லை என்று வைத்திய உலகம் நம்பிய காலம் அது. மயக்க மருந்தும் கிடையாது. தோத்திரப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கத்திக்கு உடம்பைக் கொடுத்தாள். 25 நிமிஷத்தில் 22 ராத்தலுக்கு மேற்பட்ட கட்டி வெளியே வந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் போனபோது, நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள்!

அதன் பிறகு 1842 வரை அவள் வாழ்ந்தாள். இதைப் பார்த்தால் அது புற்றுநோய்க் கட்டியாக இருந்திராது என்றே தோன்றுகிறது. சினைப்பைப் புற்றுநோய் கத்திக்கு மட்டும் பணிகிற நோய் அல்ல. வெட்டிய பிறகும் திரும்பி வரும். 1978-இல் சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டின மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்கு ஆயுள் நீண்டது. ஆனால் ஒரு கேள்வி நின்றது. அதே கத்தி, அதே மருந்து. ஒருத்தி பேரன் பேத்தி எடுக்கிறாள், மற்றொருத்தி இரண்டு வருஷத்தில் போய்விடுகிறாள். ஏன்? நம் வீடுகளில் இதற்குத் தலையெழுத்து என்று பெயர்.

2003-இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் கூகோஸ் என்பவரும் அவர் குழுவினரும் நோய் முற்றிய 186 பெண்களின் கட்டிகளைச் சோதித்து எழுதினார்கள். அவர்கள் தேடியது டி செல்களை. இரத்தத்தில் உலவி, அந்நியனைக் கண்டால் தாக்கும் காவலர்கள் இவை. கட்டிக்குள்ளேயே இக்காவலர்கள் புகுந்திருந்த பெண்களில் 100-க்கு 38 பேர் ஐந்து வருஷம் கடந்து உயிரோடிருந்தார்கள். காவலர்கள் இல்லாதவர்களில் 100-க்கு நாலரைப் பேர்தான்!

அடுத்து ஜீன்களையே படிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் எல்லா ஜீன்களும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று தெருவிலிருந்து பார்த்தே, வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோல்தான். 2011-இல் 489 கட்டிகளின் ஜீன் விளக்குகளைப் பார்த்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் நோய் எதிர்ப்பு ஜீன்கள் சுடர்விட்டு எரிந்தன. அந்த அறிக்கையில் வகைக்கு வகை ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் அந்த வகைப் பெண்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தது தெரிந்தது.

அப்படியானால் காவலர்களைத் தட்டி எழுப்பிவிட்டால் போதுமே என்று நமக்குத் தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. வேறு சில புற்றுநோய்களில் அந்த மருந்துகள் அற்புதம் செய்தன. ஆனால் 2020-இல், அட்டெசோலிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பெரிய பரிசோதனை ஒன்றில், சினைப்பைப் புற்றுநோய் திரும்புவதை மேலும் தள்ளிப்போட முடியவில்லை. காவலர் இருப்பதைக் கண்டுபிடிப்பது வேறு. அவர்களை ஏவுவது வேறு.

ஆகவே இந்த எண்களைக் கேட்டுக் குதிக்கவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அவை நூறு பேரைப் பற்றிப் பேசுகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றி அல்ல. காவலர் இல்லாத கூட்டத்திலும் நாலரைப் பேர் பிழைத்தார்களே, அவர்களும் யாரோ வீட்டுத் தாய்மார்கள்தாம். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். கட்டியின் எழுத்தைப் படிப்பவர்களோ, அதைத் திருத்த வழி உண்டா என்று பார்ப்பதற்காகவே படிக்கிறார்கள். தன்னைப் பார்க்கவந்த டாக்டரை வியக்க வைத்து ஒருத்தி படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தாளே, அந்தக் காட்சியை இன்னும் பல வீடுகளில் காண வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை.