மனநல மருத்துவரும் விந்தைப் போக்குகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கரையோரச் சிற்றூரான கீழ்புத்துப்பட்டில் மஞ்சனீசுவரர் ஐயனார் கோயில் பெயர் பெற்றது. இக்கரையோரச் சிற்றூர்களில் ஒருவருக்கு மனம் பேதலித்தால், மருத்துவமனைக்கு முன்னர்ப் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும் இடத்திற்கே அவரை அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். அங்குக் குறி சொல்பவர் அசையாது நின்று குறி சொல்வதில்லை. அவரும் அருள் வந்து ஆடுகிறார். ஆட்டங்கண்ட மனத்தை ஆட்டம் அறியாதவர் தேற்ற இயலாது என்பது நாட்டார் துணிபு. அத்துணிபுக்கு மற்றொரு பாதியும் உண்டு. குறி சொல்லி முடித்ததும் சாமி மலையேறிவிட வேண்டும். மலையேறாத அருளை ஊரார் அஞ்சுவர்.

மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பவரும் சற்று ஒருமாதிரியானவரே என்னும் கேலி உலகெங்கும் உண்டு. இக்கேலியில் உண்மை எவ்வளவு என்பதை இத்துறையின் வரலாற்றில் தேடும்போது, நாட்டார் துணிபின் இரு பாதிகளும் அளவுகோலாக நின்று உதவுகின்றன.

நீலமலை கண்ட ரிவர்ஸ்

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864-1922) என்னும் ஆங்கிலேயர் தமிழகத்திற்குப் புதியவர் அல்லர். 1901-1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். அவருடைய தந்தையார் திக்குவாய்க்குப் பயிற்சி அளித்து வந்தவர். ஆயினும் மகனுடைய திக்குவாய் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. மேலும், கண்டதை மனக்கண்ணில் மீளக் காணும் ஆற்றல் அவருக்கு இல்லாதிருந்தது. ஐந்து வயது வரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் ஓரளவு நினைவில் நிற்க, மேல்தளம் மட்டும் அறவே மறைந்துபோனதை அவரே தம் நூலில் ஆராய்ந்துள்ளார்.

1903இல் ஹென்றி ஹெட் என்னும் நரம்பியல் மருத்துவர் தம் முன்கை நரம்பைத் தாமே விரும்பி அறுத்துக்கொண்டார். உணர்ச்சி எவ்வாறு மீள்கிறது என்பதை ரிவர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துக் குறித்து வந்தார். இதனைக் கண்டோர் வியந்திருப்பர், சிரித்துமிருப்பர். ஆனால், முதல் உலகப் போரில் அதிர்ச்சியுற்றுச் சொல் திக்கியும் உறக்கம் இழந்தும் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்த அதிகாரிகளுக்கு அமைந்த மருத்துவர் இந்த ரிவர்ஸே. கவிஞர் சீக்பிரீட் சசூன் 1917இல் அவரிடம் மருத்துவம் பெற்றவர். கண்ட கொடுமைகளை மறந்துவிடுமாறு பணிப்பது பயனற்றது. அவற்றைத் தாங்கும் வகையில் பேச வைப்பதே முறை என்று ரிவர்ஸ் வாதிட்டார். சொல் வராத துன்பத்தை உள்ளிருந்து அறிந்தவர் பிறர் சொல்லுக்குக் காத்திருக்கக் கற்றிருந்தார் எனலாம்.

மையம் விலகியோர் கழகம்

இந்தியாவில் உளப்பகுப்பாய்வுக்கு அடிகோலிய கிரீந்திரசேகர போஸ் (1887-1953) கல்கத்தா மருத்துவர். இளமையில் மாயவித்தையும் மனவசியக் கலையும் பயின்றவர். பார்சிபகான் சந்தில் 14ஆம் எண் இல்லத்தில் அவரும், நகைச்சுவை எழுத்தாளரான தமையனார் இராஜசேகர போஸும் நண்பர்களுடன் கூடி நடத்திய அரட்டை அவைக்கு 'உத்கேந்திர சமிதி' என்பது பெயர். மையத்தினின்று விலகியோர் கழகம் என்பது அதன் பொருள். பிறர் வைக்கும் பட்டத்தைத் தாமே முந்திச் சூட்டிக்கொண்ட நகைச்சுவை இது. அதே இல்லத்தில் 1922ஆம் ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றியது.

பிராய்டை ஒருநாளும் நேரில் காணாத போஸ், அவருடைய தோற்றத்தைக் கற்பனையாக வரையச் செய்து, அவ்வோவியத்தை அவருக்கே அனுப்பி வைத்தார். அதில் தாம் முழு ஆங்கிலேயராகவே காட்சியளிப்பதாகப் பிராய்டு தோழி ஒருவருக்கு வேடிக்கையாக எழுதினார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு 1931இல் கல்கத்தாவினின்று சென்றது தந்தத்தாலான திருமால் சிலை. இச்செயல்கள் வெறும் வேடிக்கை அல்ல. குருவாகக் கொண்டவரிடமும் போஸ் தம் கருத்து வேறுபாடுகளை மறைக்கவில்லை. எதிரெதிர் விருப்பங்கள் ஒரே உள்ளத்தில் உறைகின்றன என்னும் தம் கொள்கையைக் கடிதங்களில் விடாது வலியுறுத்தினார். தம்மையே 'மையம் விலகியவர்' என்று கூறிக்கொண்டு சிரிக்கத் தெரிந்தவர்க்கு, மையம் எதுவென முடிவு கட்டும் அவசரம் இருப்பதில்லை. 1940இல் தொடங்கப்பட்ட லும்பினி பார்க் மனநல மருத்துவமனை அவர் பணியின் தொடர்ச்சியாகும்.

மலையேறாத அருள்

விந்தைப் போக்கு எல்லாம் நன்மைக்கே என்று முடிவு செய்தல் ஆகாது. அமெரிக்காவின் டிரெண்டன் நகர மனநோய் மருத்துவமனையில் 1907 முதல் 1930 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ஹென்றி காட்டன். சங்கிலிகளை அகற்றியவர் என்னும் நற்பெயரும் அவருக்கு உண்டு. ஆனால், பல்லிலும் குடலிலும் ஒளிந்திருக்கும் நோய்க்கிருமிகளே மனநோய்க்குக் காரணம் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், தொண்டைச் சதையை நீக்கினார், பெருங்குடலை அறுத்தெடுத்தார். குடல் அறுவையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்தனர் என்பது அவரே ஒப்பிய கணக்கு. 1920களின் நடுவில் பிலிஸ் கிரீனேக்கர் என்னும் பெண் மருத்துவர் நோயாளிகளை நேரில் கண்டு ஆய்ந்து, குணமானதாகச் சொல்லப்பட்ட கணக்குகள் பொய்த்ததை அறிக்கையில் காட்டினார். அவ்வறிக்கை வெளிவராமல் தடுக்கப்பட்டது.

காட்டன் தம் பற்களையும் பிடுங்கிக்கொண்டார்; தம் புதல்வர்களின் பற்களையும் பிடுங்கச் செய்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர்; நம்பியவர். அதுவே கொடிது. ஹெட் அறுத்தது தம் நரம்பை. அறுத்தபின் ஐயத்தோடு சோதனைக்கு உட்பட்டார். காட்டனோ ஐயம் அற்றவராய்ப் பிறர் உடலில் கத்தி வைத்தார். விந்தை இருவர்க்கும் உண்டு. அது மலையேறியதா இல்லையா என்பதே வேறுபாடு.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண்மணி

சென்னையில் 1794இலேயே வாலண்டைன் கொனாலி என்னும் மருத்துவர் மனநோயாளர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்து மனநோய்க் காப்பகம் 1871இல் எழுந்தது. மதில்களுக்குள் அடைத்துக் காப்பதே மருத்துவம் எனக் கருதப்பட்ட நெடுங்காலத்திற்குப் பின்னர், 1961இல் அங்குக் கண்காணிப்பாளர் பொறுப்பேற்றவர் டாக்டர் எம். சாரதா மேனன் (1923-2021). இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். பெண் மருத்துவர் என்றாலே மகப்பேறு மருத்துவர் என எண்ணிய காலத்தில், ஊரார் வழிமாறிச் செல்லும் மதிலுக்குள் விரும்பிப் புகுந்ததே அன்றைய நோக்கில் பெரும் விந்தை. நோயாளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை அளித்தார். 1984இல் மனச்சிதைவு நோயாளர்க்கென 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். தொண்ணூறு அகவை கடந்தும் நோயாளிகளைக் காண்பதை விடவில்லை. ஓய்வு கொள்ளத் தெரியாமை என்று இதனைக் கூறுவோர் கூறுக. பயன் பெற்றோர் நோயாளிகளே.

நிறைவுரை

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. கோயிலாயினும் காப்பகமாயினும் மருத்துவமனையாயினும், நோயாளி தம்மை முழுவதும் பிறர் கையில் ஒப்படைக்கிறார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கீழ்புத்துப்பட்டிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. போரையும் கடலையும் கடந்து வந்தவர்களின் நெஞ்சில் உள்ளவை, ரிவர்ஸ் செவிமடுத்த வீரர்களின் நினைவுகளைப் போன்றே எளிதில் சொல்லில் அடங்காதவை. அவற்றைக் கேட்க அமர்பவர் குறையே இல்லாதவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அத்தகையோர் கிடைத்தலும் அரிது. தம் குறையைத் தாம் அறிந்தவராக, எதிரில் இருப்பவர் வாய்திறக்கும் வரை பொறுத்திருப்பவராக அமைதல் வேண்டும். இறைவனையே பித்தன் என அழைத்துப் பாடிய மொழியினர்க்கு, சற்றே மையம் விலகிய மருத்துவரை ஏற்பது அரிதன்று. அவர் கையில் கத்தியும் சாவியும் இருக்கும்போது கேள்வி கேட்பார் ஒருவரேனும் அருகில் இருத்தல் வேண்டும்; அவர் எழுதும் அறிக்கை வெளிவருதலும் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.