மணலைப் புடைத்தவர்களும் அணுவைப் புடைத்தவர்களும்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிற வெளியூர் நண்பர்கள், பார்த்து முடித்ததும் நேரே கன்னியாகுமரிக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதே கல்குளம் வட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக்கு யாரும் போவதில்லை. இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவன் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கடற்கரைதான்.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டி வந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைக்கு ஐரோப்பாவின் வாயு விளக்குகளுக்கெல்லாம் தோரியம் ஏற்றிய மேண்டில்தான். நம் ஊர் மணல் அப்படித்தான் கப்பலேறியது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை 1960-களில் அதன் கைக்கு வந்தது.

மணலைப் பிரிப்பது நம் பாட்டிமார் முறத்தில் புடைப்பது மாதிரிதான். எடை, காந்தம், மின்சாரம் இந்த மூன்றும் போதும். இல்மனைட் காந்தத்துக்குச் சட்டென்று ஓடிவரும், மோனசைட் தயங்கித் தயங்கி வரும். மோனசைட்டுக்குள் இருக்கும் தனிமங்களைப் பிரிக்க வேதியியல் இருக்கிறது. ஆனால் ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளை எப்படிப் பிரிப்பது? 1913-ல் சாடி அந்தப் பெயரைச் சூட்டியபோதே சிக்கலும் கூடவே வந்துவிட்டது. வேதியியலில் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். எடையில் மட்டும் துளி வித்தியாசம்.

அந்தத் துளி வித்தியாசம் ஒளிக்குத் தெரியும். அணுக்கருவின் எடையும் பருமனும் மாறினால் எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் கொஞ்சம் நகரும். யட்டர்பியம்-174-ம் 176-ம் உறிஞ்சுகிற மஞ்சள்பச்சை ஒளியின் அதிர்வெண்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சத்தில் ஒரு பங்குதான் வேறுபடுகின்றன. சாதாரண விளக்குக்கு இது பிடிபடாது. லேசருக்குப் பிடிபடும். உலோகத்தை ஆவியாக்கி, வேண்டிய ஐசோடோப்பு மட்டும் விழுங்குகிற நிறத்தில் லேசரைப் பாய்ச்சினால் அதன் எலெக்ட்ரான் ஒரு படி ஏறும். இரண்டாவது, மூன்றாவது லேசர்கள் அதை அணுவை விட்டே வெளியே தள்ளிவிடும். இப்போது அது அயனி. மின்தகடு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மற்ற அணுக்கள் பாட்டுக்கு நேரே போய்விடும்.

1970-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் லெட்டோகோவ் குழுவினர் ருபீடியம் அணுவில் இந்தப் படிப்படியான அயனியாக்கத்தைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம் அதை யுரேனியத்துக்குக் கொண்டுபோனது. தாமிர ஆவி லேசர்கள், சாய லேசர்கள் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார்கள், பணமும் கொட்டினார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்ட நிறுவனம் கட்டுப்படியாகாது என்று 1999-ல் கைவிட்டது. என்னைப் போன்ற பொறியாளனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஓடுவது வேறு, ஆலையில் ராப்பகலாக ஓடுவது வேறு.

இந்த வரலாற்றில் என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது தென்கொரியக் கதை. அங்குள்ள அணு ஆற்றல் ஆய்வு நிறுவனத்தில் 2000-ம் ஆண்டு சில விஞ்ஞானிகள் லேசரால் யுரேனியத்தைச் செறிவூட்டினார்கள். கிடைத்தது வெறும் 0.2 கிராம். 2004-ல் அந்நாடு அதைச் சர்வதேச அணுசக்தி முகமையிடம் தெரிவித்தபோது உலகம் பதறியது. அதே நிறுவனத்தார் 2006-ல் யட்டர்பியம்-176-ஐ லேசரால் பிரிப்பது பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். இது புற்றுநோய்க்காக. யட்டர்பியம்-176-ஐ அணு உலையில் வைத்தால் அது சில மணி நேரத்தில் லுட்டீசியம்-177 ஆகிவிடும். ஏறக்குறைய ஆறரை நாள் அரை ஆயுள் கொண்ட இந்தக் கதிரியக்கப் பொருளைப் புராஸ்டேட் புற்று உட்படச் சில புற்றுகளுக்கு மருந்தாக ஏற்றுகிறார்கள். குண்டுக்கான புடைப்பும் மருந்துக்கான புடைப்பும் ஒரே முறம்தான்.

நம் நாட்டில் டிராம்பேயில் உள்ள துருவா உலையில் லுட்டீசியம்-176-ஐ வைத்தே லுட்டீசியம்-177 செய்கிறார்கள். இயற்கை லுட்டீசியத்தில் 176-ன் பங்கு 2.6 சதவீதம்தான் என்பதால் முதலில் அதைச் செறிவூட்டியாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் லேசர்களைக் கொண்டே இதைச் செய்ய வழியுண்டு என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து 2021-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மாணவத் தம்பி தங்கைகள் தேடிப் படிக்கலாம்.

போன விடுமுறையில் மணவாளக்குறிச்சி டீக்கடையில் பக்கத்தில் இருந்த மீனவப் பெரியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024-ல் கீழ்மிடாலம் பக்கம் புதிய மணல் திட்டம் வருகிறது என்று கடற்கரை கொந்தளித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. "மக்கா, இந்த மண்ணால நமக்குப் புத்துநோய் வருதுன்னு நாங்க கரையிறோம். நீ மருந்து வருதுங்க. நம்ம மண்ணுல அந்தச் சாதனம் உண்டுமா?" என்றார்.

"இருக்கு, அண்ணாச்சி. ஆனா ரொம்ப ரொம்பச் சொற்பம். இதுல பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான்," என்றேன்.

"அப்போ மண்ணு இங்கயிருந்து, மருந்து வேற எங்கயிருந்தோ," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.